சார், எனக்கு எவ்வளவு போட்டீங்க?

வெயிலில் நின்று நிலத்தை அளப்பது சர்வேயருக்குக் கஷ்டமே இல்லை. அளந்ததைச் சரிக்கட்ட கம்ப்யூட்டரில் ஏற்றும்போது 'புராஜெக்ட் செட்டிங்ஸ்' என்று ஒன்று திறக்குமே, அங்கேதான் மானம் போகும். மீட்டரா அடியா, வடக்கு முதலா கிழக்கு முதலா என்று கல்யாணத் தரகர்போலக் குசலம் விசாரித்துவிட்டு மெல்ல விஷயத்துக்கு வரும்: உன் கோணம் எத்தனை விநாடி தப்பும்? தூரம் எத்தனை மில்லிமீட்டர் தப்பும்?

குசலத்தையும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மேலூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புக்கு வடக்கையும் கிழக்கையும் இடம் மாற்றிக் கொடுத்தால், தோப்பு இலங்கையையும் தாண்டி இந்துமகா சமுத்திரத்தில் போய் மிதக்கும். அடுத்தது மண்டலம். 78 பாகை தீர்க்கக்கோடு மதுரைக்குச் சற்று மேற்கே ஓடுகிறது. அதனால் உலகத்தை மண்டலம் மண்டலமாகக் கட்டம் போடும் யூடிஎம் கணக்கில் தேனி 43ஆம் மண்டலம், மதுரை 44. இந்த 44இன் நடுக்கோடு 81 பாகையில் இருக்கிறது. மேலூர் அதிலிருந்து வெகு தொலைவு என்பதால், தரையில் ஒரு கிலோமீட்டர் இருப்பது கட்டத்தில் 60 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டுவிடும். தோப்புக்காரரிடம் இதை விளக்கித் தொலைத்தேன்.

"அந்த ரெண்டடி யார் பக்கம் வருது சார்? என் பக்கமா, பங்காளி பக்கமா?"

"யார் பக்கமும் வராதுங்க. காகிதத்துல மட்டும்தான்."

"காகிதம்தானே சார் கோர்ட்டுக்குப் போகுது?"

இதற்கு யூடிஎம்மில் பதில் கிடையாது.

கடைசியில் கை-ஸ்கொயர் சோதனை: நீ சொன்ன பிழையும் அளவில் வந்த பிழையும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். கோணம் 2 விநாடிக்கு மேல் தப்பாது என்று பெருமையடித்துக்கொண்டால் ஃபெயில். சரி, எதற்கு வம்பு என்று 30 விநாடி போட்டுப் பணிந்துபோனால் அதுவும் ஃபெயில். 'சொன்ன அளவுக்கு நீ மோசமில்லை' என்று திட்டும். அடக்கத்துக்கு மார்க் குறைக்கிற பரீட்சை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். பாஸ் ஆகும்வரை எண்ணைத் தடவித் தடவி மாற்றும் புண்ணியவான்கள் உண்டு. அதற்குப் பேசாமல் பாஸ் என்று கையால் எழுதி ஒட்டிவிடலாம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, அந்தக் காலத்து சர்வேயர் லாம்ப்டனின் அரை டன் தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் கருவி, கோபுரத்தில் மோதியது. அவர் அதைத் தானே உட்கார்ந்து நிமிர்த்தினார். நிமிர்த்திய கருவிக்கு எத்தனை விநாடி போடச் சொல்லும் இந்த மென்பொருள்?

உண்மையில் வில்லங்கம் பெரும்பாலும் 'சென்டரிங் எரர்' கட்டத்தில்தான். நான் வைத்திருக்கும் மென்பொருளில் அது தானாகவே பூஜ்யம் என்று நிற்கும். அதாவது பிரிசம் கம்பு புள்ளிக்கு நேர் மேலே, இம்மி பிசகாமல் நிற்கிறதாம். கம்பு பிடிக்கும் தம்பியை அது பார்த்ததில்லை. 20 மீட்டர் தூரத்தில் கம்பு 2 மில்லிமீட்டர் பக்கவாட்டில் சாய்ந்தாலே கோணத்தில் 20 விநாடி போய்விடும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய 2 விநாடிக் கருவி என்ன செய்யும்? "குமிழி நடுவுல இருக்கா?" என்று கத்துவேன். செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே "இருக்கு சார்" என்பான்.

ஒருநாள் திரையை எட்டிப் பார்த்து, அந்தக் கட்டம் என்ன என்று கேட்டான். உனக்குத்தான் என்றேன்.

"எனக்கு எவ்வளவு போட்டீங்க?"

"மூணு மில்லி."

"போன சைட்டுல அஞ்சு போட்டிருந்தீங்களே சார்?"

"இப்ப கொஞ்சம் தேறியிருக்கே."

"அப்போ பேட்டாவுல நூறு ரூபா கூட்டிப் போட்டுருங்க சார்."