பறக்கும் தட்டுக்கும் மூன்று நகல்

நடுத்தர வயதுக்காரர் ஒருவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சிரிப்பது நம் குடும்பங்களில் நல்ல சகுனமாகக் கருதப்படுவதில்லை. பக்திப் புத்தகம் படித்துக் கண்ணீர் விடலாம். பங்குச் சந்தைப் பக்கத்தைப் படித்துப் பெருமூச்சு விடலாம். சிரித்தால் மட்டும் சமையலறையிலிருந்து விசாரணை வரும்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, பூமியை இடிச்சுட்டாங்க."

"ஐயோ, எதுக்கு?"

"பைபாஸ் ரோடு போட."

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. விரிவாகவே பதில் சொல்கிறேன்.

பூமியை இடித்தவர் டக்ளஸ் ஆடம்ஸ். 1978 மார்ச்சில் பிபிசி ரேடியோ 4-ல் நாடகமாகத் தொடங்கி, மறு ஆண்டே நாவலாக வந்த ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி’யில் ஆர்தர் டென்ட் என்ற சாதுவான ஆங்கிலேயர் ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் புல்டோசர் நிற்கிறது. பைபாஸ் போட அவர் வீட்டை இடிக்க வேண்டுமாம். திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருந்தோமே என்கிறார் அதிகாரி. எங்கே வைத்தார்கள்? விளக்கில்லாத அடித்தளத்தில், யாரும் புழங்காத கழிப்பறைக்குள், பூட்டிய பீரோவுக்குள். கதவில் ‘சிறுத்தை ஜாக்கிரதை’ என்று ஒரு பலகை வேறு. ஆர்தர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே வானத்தில் வோகன்கள் என்னும் வேற்றுக் கிரக அதிகாரிகள் வந்து, விண்வெளிப் பாதைக்காகப் பூமியையே இடிக்கப்போவதாக அறிவிக்கிறார்கள். அதற்கான வரைபடமும் ஐம்பது வருடமாக ஆல்ஃபா சென்டாரி அலுவலகத்தில் பார்வைக்கு இருந்ததாம். போய்ப் பார்க்காதது நம் தப்பு.

இங்கிலாந்துக்காரர்கள் இதைக் கற்பனையின் உச்சம் என்று கொண்டாடினார்கள். எனக்கு ஆவணப்படம் பார்த்த மாதிரி இருந்தது. எங்கள் தெருவை அகலப்படுத்தப் போகிற செய்தி எங்களுக்கு வந்ததே இஸ்திரிக்காரர் மூலமாகத்தான். ஆட்சேபம் சொல்ல அலுவலகத்துக்குப் போனால், "நோட்டீஸ் போர்டுல ஒட்டி, கெடுவும் முடிஞ்சிருச்சே சார்" என்றார் அங்கிருந்த எழுத்தர். போர்டு எங்கே என்றேன். உள் அறையில். அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் மெடிக்கல் லீவு. சிறுத்தைதான் பாக்கி.

சீரியஸான அறிவியல் புனைகதைகள் மேல் எனக்கு மரியாதை உண்டு, நம்பிக்கைதான் வருவதில்லை. அவற்றில் விண்கலம் கிளம்புகிறது, திரும்பி வந்து யாரும் டி.ஏ. பில் எழுதுவதில்லை. கேப்டன் சுவரைப் பார்த்து ஆணையிட்டதும் கதவு திறக்கிறது. ‘சர்வர் டவுன்’ என்று ஒரு தடவைகூடச் சொல்வதில்லை. மாயாஜாலக் கதைகளும் அப்படித்தான். ராஜகுமாரன் அரக்கனைக் கொன்று நாட்டை மீட்கிறான். மறுநாள் காலையில் சாக்கடை அடைப்பை எடுத்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. நகைச்சுவைக்காரர்கள் கேட்கிறார்கள். அண்டத்தின் கடைசி எல்லை வரை போய், அங்கேயும் ஒரு ஜன்னல் இருக்கிறது, ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறது, நாற்காலிக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று பார்த்துவந்து சொல்கிறார்கள். என் கணக்கில் யதார்த்தவாதம் என்றால் இதுதான்.

ஆடம்ஸின் புகழ்பெற்ற 42-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்க்கைக்கும் பிரபஞ்சத்துக்கும் சகலத்துக்குமான விடையைக் கண்டுபிடிக்க ஒரு பிரம்மாண்டக் கணினி 75 லட்சம் ஆண்டுகள் யோசிக்கிறது. விடை: 42. கேள்வி என்ன என்பதுதான் யாருக்கும் தெரியாது. இந்த எண்ணுக்குள் தத்துவம் தேடிக் களைத்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஆடம்ஸோ, சும்மா வேடிக்கைக்கு ஒரு சாதாரண எண்ணைப் போட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்கு இதில் குழப்பமே வந்ததில்லை. ‘தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது’ என்று என் கைபேசிக்கு அவ்வப்போது குறுஞ்செய்தி வரும். எந்த மனு என்று இருக்காது. விடை வந்துவிட்டது, கேள்வியை நாம்தான் தேட வேண்டும்.

அதிகாரிகளைக் கேலி செய்த ஆடம்ஸ், கெடுவை மதிப்பதில் அதிகாரிகளுக்கு அண்ணன். நான்காவது நாவலை அவரிடமிருந்து வாங்க, டில்லியில் பிறந்து லண்டனில் பதிப்பாளராக இருந்த சோனி மேத்தா, ஹோட்டலில் அறை எடுத்துத் தானும் கூடவே தங்கிக் காவல் காக்க வேண்டியிருந்தது. தொடர்கதை அத்தியாயத்துக்காக எழுத்தாளர் வீட்டுத் திண்ணையில் காத்துக்கிடந்த நம் உதவி ஆசிரியர்கள் இதைக் கேட்டால், "ஹோட்டலா? கொடுத்துவைத்தவர்" என்பார்கள்.

இந்த நகைச்சுவைப் புனைவு வகையில் இன்னொரு மகாராஜா டெர்ரி பிராட்செட். பிரிட்டிஷ் மின்வாரியத்தில் அணுமின் நிலையங்களுக்கான பத்திரிகைத் தொடர்பு அதிகாரியாக 1980-ல் சேர்ந்தவர். அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்தது 1979-ல். அதற்கு மறு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று நிருபர்களுக்குச் சொல்வது வேலை. மிகுபுனைவுக்கு இதைவிடப் பயிற்சி வேறென்ன வேண்டும்? 1983-ல் ‘டிஸ்க்வேர்ல்ட்’ வரிசையைத் தொடங்கி 41 நாவல்கள் எழுதினார். அந்த உலகம் தட்டையானது. நான்கு யானைகள் அதைச் சுமக்கின்றன. யானைகள் ஒரு பேராமையின் முதுகில் நிற்கின்றன. கூர்மாவதாரமும் திக்கஜங்களும் கேட்டு வளர்ந்த நமக்கு இது சொந்த ஊர். ஆனால் ஆமை ஆணா பெண்ணா என்று நம் புராணிகர்கள் கேட்டதில்லை. பிராட்செட்டின் உலகத்து அறிஞர்கள் அதைக் கண்டறியவே உலகின் விளிம்பிலிருந்து கலம் இறக்குகிறார்கள். ஆராய்ச்சி நிதி எங்கெல்லாம் போகிறது என்று அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது.

பிராட்செட்டின் உலகில் மரணமும் ஒரு பாத்திரம். கறுப்பு அங்கி, எலும்புக்கூடு, அரிவாள் எல்லாம் உண்டு. ஆனால் மரணத்துக்குப் பூனைகள் பிடிக்கும், கறி மசாலாக் குழம்பும் பிடிக்கும். 1987-ல் வந்த ‘மார்ட்’ நாவலில் அது வேலைக்கு ஒரு பையனை எடுத்துத் தொழில் பழக்குகிறது. ‘லக்கி மேன்’ படத்தில் கவுண்டமணியையே எமதர்மராஜாவாகப் பார்த்துவிட்ட நமக்கு இதுவும் பழக்கம்தான். நம் எமன் அதட்டுவார், கோபப்படுவார். பிராட்செட்டின் மரணமோ ஒழுங்காகப் பதிவேடு பார்த்து வரும் கடமையுள்ள ஊழியர். மனிதர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள் என்பது மட்டும் அதற்குக் கடைசி வரை பிடிபடுவதில்லை. எழுதியவருக்கு 2007-ல் அபூர்வமான ஒரு வகை அல்சைமர் நோய் இருப்பது தெரிந்தது. அதன் பிறகும் சொல்லிச் சொல்லி எழுதவைத்து நாவல்களை முடித்தார். 2015 மார்ச்சில் அவர் இறந்த செய்தி, மரணம் என்ற அந்தப் பாத்திரத்தின் குரலிலேயே அவருடைய ட்விட்டர் கணக்கில் வந்தது. எழுதி முடிக்காதவை இருந்த அவருடைய ஹார்டு டிஸ்க்கை அவர் விருப்பப்படியே 2017-ல் நீராவி ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். தன் கோப்பை இவ்வளவு சுத்தமாக மூடிய ஆளை நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் புத்தகங்கள் வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுபவர்களுக்கு என்று பேரறிஞர்கள் சொல்வதுண்டு. அவர்களிடம் சாம் வைம்ஸின் பூட்ஸ் கணக்கைக் காட்டுவேன். பிராட்செட்டின் ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் வைம்ஸ் நகரக் காவல் படைத் தலைவர். நல்ல பூட்ஸ் 50 டாலர், வருஷக்கணக்கில் உழைக்கும். ஏழை 10 டாலர் பூட்ஸ்தான் வாங்க முடியும். அது ஒன்றிரண்டு பருவத்தில் கிழியும். பத்து வருடத்தில் ஏழை 100 டாலர் கொடுத்திருப்பான், கால் அப்போதும் நனையும். பிளாட்பாரக் குடையை மழைக்கு மழை வாங்கும் நமக்கு உரை தேவையில்லை. 2022-ல் பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் பொருள்களின் விலைவாசியைத் தனியாகக் கணக்கெடுக்கப் புறப்பட்ட ஜாக் மன்றோ, தன் குறியீட்டுக்கு வைம்ஸ் பூட்ஸின் பெயரைத்தான் வைத்தார். டிராகன் வரும் கதையிலிருந்து பொருளாதாரத்துக்குப் போன சரக்கு.

இது ஆங்கிலேயர்களின் ஏகபோகமும் இல்லை. போலந்தின் ஸ்டானிஸ்லாவ் லெம் எழுதிய ஒரு கதையில் எட்டு மாடி உயரச் சிந்தனை இயந்திரம், இரண்டும் இரண்டும் ஏழு என்கிறது. திருத்தப்போனால் கோபித்துக்கொண்டு, கட்டியவரையே துரத்துகிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு பழைய மேலாளர் எனக்கு ஞாபகம் வந்தார். ரஷ்யாவின் ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் 1965-ல் வெளியிட்ட ‘திங்கட்கிழமை சனிக்கிழமை தொடங்குகிறது’ நாவலில் மந்திரவாதிகளுக்கு ஓர் அரசு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் இயக்குநர் ஒரே மனிதர், இரண்டு உடல்: ஒருவர் நிர்வாகம் பார்க்கிறார், ஒருவர் விஞ்ஞானம் பார்க்கிறார். நம் ஊரில் ஒரே உடலை வைத்து ‘கூடுதல் பொறுப்பு’ கொடுத்துவிடுவார்கள். சோவியத்தில் மாயமாவது இருந்தது.

தமிழிலும் இந்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் சென்னைக்கு வந்து இறங்கும் கடவுளுக்கு முதலில் கிடைப்பது சிக்கரி கலந்த காப்பி. பிறகு அவர் தலையில் சித்த வைத்தியப் பத்திரிகை ஒன்றின் சந்தாவைக் கட்டுகிறார் பிள்ளை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் ஆளுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான், பிள்ளை பெற்றுக்கொள்ள சர்க்கார் அனுமதி வேண்டும், எல்லாரையும்விடத் தெளிவாகப் பேசுவது ஜீனோ என்ற இயந்திர நாய். சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர். எங்கோ ஒரு மேஜையில் கோப்பு தள்ளியவர்களுக்கு இந்தக் கலை சற்று எளிதாகவே கைவருகிறது என்று சந்தேகப்படுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. பிராட்செட்டை முதல் புத்தகத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். ‘மார்ட்’ அல்லது ‘கார்ட்ஸ்! கார்ட்ஸ்!’ எடுங்கள். ஆடம்ஸை முதலிலிருந்தே படியுங்கள், ஆனால் துக்க வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வேண்டாம். படித்து முடித்த பின் விண்வெளிப் படங்களைப் பழைய பக்தியோடு பார்க்க முடியாது; அதற்கு நான் பொறுப்பில்லை. வேற்றுக் கிரகத்தார் வருவார்களா என்று என்னிடம் கேட்டால், வருவார்கள் என்றே சொல்வேன். வருகிறவர்கள் ஆளுக்கு இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கையோடு கொண்டுவந்தால் அவர்களுக்கு அலைச்சல் மிச்சம்.