எம்புட்டுக்கு வாங்குன?

எங்கள் தெருவுக்கே அவர் சித்தப்பா. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். மதுரையாக இருந்தால் நிச்சயம் இருப்பார். நாம் பையும் கையுமாக முக்குத் திரும்பினால் போதும், டிவிஎஸ் 50-ஐக் குறுக்கே நிறுத்திவிடுவார்.

"எம்புட்டுக்கு வாங்குன?"

சொன்னால் உச்சுக்கொட்டுவார். "ஏமாத்திப்புட்டாய்ங்களே, தம்பி!" ஒருநாள் வேண்டுமென்றே பாதி விலை சொல்லிப் பார்த்தேன். அதற்கும் அதே உச்சு.

அவர் சட்டப்படி பருப்பு கீழமாசி வீதியில்தான், வாழைப்பழம் யானைக்கல்லில்தான், பித்தளைக் குடம் வெங்கலக்கடைத் தெருவில்தான். இடம் மாறி வாங்கினால் சாதிவிலக்கு செய்யாத குறை.

விடிந்ததும் அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போவார். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அது. 1999 நவம்பர் 14-இல் திறந்தார்கள். ரிப்பன் வெட்டியதே தான்தான் என்பதுபோல் பேசுவார். ஆனால் அங்கே காய் வாங்க மாட்டார். விலையைப் பலகையில் எழுதிப் போட்டுவிடுகிறார்களே, பேரம் பேச என்ன இருக்கிறது? பலகையை மனப்பாடம் செய்துகொண்டு நம்மை மடக்கத் திரும்பிவிடுவார்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்தான் அவருக்குச் சொர்க்கம். மார்கழி, தைப் பனியில் வரத்து குறைந்து, முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் மல்லிகை கிலோ ஆயிரங்களில் ஏறும். வியாபாரிகளைவிட இவருக்குத்தான் வியர்க்கும். வாங்குவதென்னவோ சித்திக்கு ஒரு முழம், அதுவும் சாயங்காலம், வாடின பிறகு.

புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதில் மனிதர் ஒடிந்துபோனார். "நாயக்கர் சிலைக்குப் பக்கத்துல நின்னு கேட்டா அவய்ங்களுக்குப் பொய் விலை சொல்ல வாய் வராதுப்பா" என்றார். அந்தக் காலத்து மதுரையில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று இரண்டு இருந்ததாம், மதுரைக்காஞ்சியில் வருகிறது. நல்லவேளை, சித்தப்பா அப்போது பிறக்கவில்லை. தூங்கியே இருக்க மாட்டார்.

போன வாரம் புதுக் குடையோடு வந்தார். பைபாஸ் ரோட்டுக் குளுகுளு கடையின் விலைச்சீட்டு கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

"எம்புட்டு சித்தப்பா?"

மழை இல்லை. ஆனாலும் குடையை விரித்துக்கொண்டு, "மகன் வாங்குனது" என்றபடி வண்டியைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.