இடது பக்கம் திரும்பியே பிழைத்தவர்

சார்லட், வட கரோலினா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"சுத்திச் சுத்திக் காரு ஓட்டறதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று போனில் சிரித்தீர்களே, அதற்குத்தான் இந்தக் கடிதம். சோழவரத்தில் ரேஸ் பார்த்த ஆள் நீங்கள், சிரிக்கலாம். நாஸ்கார் என்ற கார் பந்தயம் வளர்ந்த சீமையில் குடியிருந்துகொண்டு நான் சிரித்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

இடது பக்கமே திரும்பித் திரும்பிப் பிழைத்த டிரைவர் ரிச்சர்ட் பெட்டியை இங்கே 'கிங்' என்றுதான் சொல்கிறார்கள். 1937-ல் லெவல் கிராஸ் என்ற கிராமத்தில் பிறந்தவர். மொத்தம் 200 வெற்றி, 7 முறை சாம்பியன். 1967-ல் ஒரே வருஷத்தில் 27 பந்தயம் ஜெயித்தார், அதில் பத்து தொடர்ச்சியாக. மற்ற டிரைவர்கள் எதை நம்பிப் பெட்ரோல் போட்டார்களோ!

எனக்குப் பிடித்தது அவர் தோற்ற கதைதான். அப்பா லீ பெட்டியும் ரேஸ்காரர். 1949-ல் சார்லட்டில் நடந்த, இந்தத் தொடரின் முதல் பந்தயத்துக்கு இரவல் ப்யூக் காரில் போய், அதைக் குட்டிக்கரணம் போட வைத்த மகானுபாவர். 1959 ஜூனில் அட்லாண்டாவில் அப்பாவும் பிள்ளையும் ஒரே பந்தயத்தில் ஓட்டினார்கள். பிள்ளை ஜெயித்தான் என்று கொடி ஆட்டியாயிற்று. வாழ்க்கையில் முதல் வெற்றி. அப்பா என்ன செய்தார் தெரியுமா? புகார் கொடுத்தார்! சுற்றுகளைத் தப்பாக எண்ணிவிட்டார்களாம். திரும்ப எண்ணினார்கள், அப்பா முதலாவது, பிள்ளை இரண்டாவது. அன்று ராத்திரி அந்த வீட்டில் யாராவது நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார்களா? அதே வருஷம் பிப்ரவரியில், முதல் டேடோனா 500 பந்தயத்தில், முதலில் வேறொருவர் ஜெயித்ததாக அறிவித்துவிட்டு, படங்களைப் பார்த்து மூன்று நாள் கழித்துத்தான் லீக்கு வெற்றியைக் கொடுத்திருந்தார்கள். சூடு கண்ட பூனை, பெற்ற பிள்ளை என்று பார்க்குமா?

இப்போது ஓட்டுகிற நாஸ்கார் கார் ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். கதவு இருக்கிறது, திறக்காது. ஸ்டியரிங்கைக் கழற்றி வைத்துவிட்டு ஜன்னல் வழியாக நுழைந்து, உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ள வேண்டும். ஹெட்லைட் வெறும் ஸ்டிக்கர். வெயில் நாளில் உள்ளே ஐம்பது டிகிரி அனல். நம்ம ஆர்.டி.ஓ. ஆபீசில் ஏழு ஜென்மத்துக்கும் எஃப்.சி. கிடைக்காது.

ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, பேரமும் பேசத் தெரிய வேண்டும். பெட்டியின் 43-ம் நம்பர் கார் அதுவரை நீலம். 1972-ல் பணம் போட வந்த எஸ்.டி.பி. கம்பெனி, முழுக்கச் சிவப்பு அடி என்றது. இவர் முடியாது என்றார். சம்பந்திகள் சீர்வரிசை பேசுகிற மாதிரி இழுத்து, கடைசியில் சிவப்பும் நீலமும் கலந்து அடித்தார்கள். அந்தக் கலவைதான் பிறகு அவருடைய அடையாளமே ஆயிற்று.

200-வது வெற்றி 1984 ஜூலை 4-ல், டேடோனாவில். ஜனாதிபதி ரீகன் விமானத்தில் இருந்தபடியே போனில் பந்தயத்தைத் தொடங்கி வைத்துவிட்டு, அப்புறம் வந்து சேர்ந்தார். காணொளியில் பாலம் திறக்கிற நம் அமைச்சர்களுக்கெல்லாம் முன்னோடி! அதற்குப் பிறகு 1992 வரை ஓட்டினார், ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. கூட்டம் மட்டும் குறையவில்லை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். அந்தத் தைரியத்தில் 1996-ல் மாநிலத் தேர்தலில் நின்றார், தோற்றார். கையெழுத்து வாங்கியவர்களெல்லாம் ஓட்டுப் போடுவார்கள் என்று எந்த ஊரில் நடந்திருக்கிறது?

ஒன்று மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். நான்காம் தலைமுறையாக ஓட்ட வந்த பேரன் ஆடம், 2000-ல், 19 வயதில், பயிற்சி ஓட்டத்தில் சுவரில் மோதி இறந்துவிட்டான். அவன் நினைவாக நோயாளிக் குழந்தைகளுக்கு ஒரு முகாம் நடத்துகிறது அந்தக் குடும்பம்.

நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனும் 2010-ல் இங்கே நாஸ்கார் டிரக் பந்தயம் ஓட்டினாரே! முதல் பந்தயத்தில் 13-வது இடம். அந்த வருஷம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு, டிரக் பிரிவில் மிகப் பிரபலமான டிரைவர் விருதை அவருக்கே கொடுத்தார்கள். அதில் உங்கள் ஓட்டு எத்தனை என்று நான் கேட்கவில்லை.

மே மாதக் கடைசியில் சார்லட்டில் 600 மைல் பந்தயம். விசாவுக்கு இப்போதே எழுதிப் போடுங்கள். காதடைப்பான் நான் வாங்கி வைக்கிறேன். சித்தியைச் சம்மதிக்க வைப்பது உங்கள் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் மகன்