பாசிக்கும் ஒரு பங்கு

மீன் தொட்டியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தபோது நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. வளவில்தான். தேவகோட்டையில் எங்கள் வீட்டு முகப்பில் பகலிலும் விளக்குப் போட்டால்தான் வந்திருப்பது சம்பந்தியா, வரி கேட்க வந்தவரா என்று தெரியும். வளவு அப்படியில்லை. நடுவில் திறந்த வாசல், நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு, வானம் நேரே வீட்டுக்குள் இறங்கும். பர்மாத் தேக்குத் தூண் ஓரமாக மேசை போட்டு, 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் தொட்டியை வைத்து, 50 லிட்டர் தண்ணீர் ஊற்றி, கப்பி ஆறு, மோலி நாலு, கோல்டு பிஷ் இரண்டு என்று குடியேற்றினேன். காலை பத்து மணி வெயில் அதில் விழுந்து ஆத்தங்குடிக் கல் தரையில் அலையாடியது. நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அந்த அழகு பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் கண்ணாடியில் பச்சைப் பொட்டு. இருபதாம் நாள் தண்ணீரே பச்சை. மீன் உள்ளே இருக்கிறது என்பது, கடவுள் இருக்கிறார் என்பதுபோல, நம்பினால் உண்டு என்றாகிவிட்டது. ஊரிலிருந்து வந்த பெரியப்பச்சி குனிந்து பார்த்துவிட்டு, "கீரை மசியலை எதுக்கப்பா கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கே?" என்றார்.

தேய்த்தேன். பழைய பல் பிரஷ், காலாவதியான ஏடிஎம் கார்டு, எல்லாம் போட்டுத் தேய்த்தேன். தேய்த்த இடம் பளிச்சென்றிருக்கும். இரண்டு நாளில் பழையபடி. குறுந்தொகையில் பரணர், காதலன் தொட்டால் விலகி, கையை எடுத்தால் பரவும் பசலைக்கு, ஊரார் நீருண்ணும் கேணியின் பாசியைத்தான் உவமை சொன்னார். பள்ளிக்கூடத்தில் அதைக் காதல் பாட்டு என்று நடத்தினார்கள். அதைப் பாடுவதற்கு முன் மனிதர் எங்கேயோ கை வலிக்கப் பாசி தேய்த்திருக்கிறார் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

யோசனைக்குப் பஞ்சமில்லை. "தேத்தாங்கொட்டையை உரசி விடப்பா, ஊருணித் தண்ணி அப்படித்தான தெளிஞ்சுச்சு" என்றாள் அப்பத்தா. தெளியும், பொய்யில்லை. மண் கலங்கலை அது அடியில் இறக்கிவிடும். ஆனால் மண்ணுக்குக் குட்டி போடத் தெரியாது, பாசிக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணன் தோட்டத்துக்கு வாங்கிய மயில்துத்தத்தில் ஒரு சிட்டிகை தருவதாகச் சொன்னார். அது பாசியைக் கொல்லும்தான்; அளவு பிசகினால் மீனையும் கொல்லும். இரண்டையும் சேர்த்துக் கொல்ல எனக்கு மயில்துத்தம் எதற்கு, என் கைராசியே போதும்.

காரைக்குடியில் ஒரு கடைக்காரர், "சக்கர் ஒண்ணு விடுங்க சார், கண்ணாடியை நக்கியே தொடச்சிரும்" என்றார். விரல் நீளத்தில் கறுப்பாக, வாயைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் தென் அமெரிக்க மீன். ஒரு வாரம் உழைத்தது. பிறகு எங்கள் வீட்டுச் சாப்பாட்டின் ருசி அதற்குத் தெரிந்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்தவன் பரிமாற எழுந்திருப்பானா? இரை கிடைத்தால் பாசியை ஏறெடுத்தும் பார்க்காது. ஓரடிக்கு மேல் வளரும். அது போடும் கழிவே பாசிக்கு எரு. "ஊருணியில விட்டுரு" என்று மூன்று பேர் சொன்னார்கள். அப்படி விட்டு விட்டுத்தான் தமிழ்நாட்டு ஏரிகளில் அது பெருகி, நம் ஊர் மீன்களின் பிழைப்பில் கை வைத்துக்கொண்டிருக்கிறது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். மீனை வாங்கிக்கொண்டார், காசைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மீன் தின்னாமல் விட்ட இரையும் மீனின் கழிவும் அமோனியாவாகும். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். நைட்ரேட் என்பது வயலுக்குப் போடும் உரச் சரக்குதான். அதோடு வெயிலும் சேர்ந்தால் பாசிக்கு அறுவடைக் காலம். எங்கள் வீட்டுக்கு இரண்டு பெருமை: வெளிச்சம், சாப்பாடு. பாசிக்கு வேண்டியதும் அதே இரண்டுதான்.

வெளிச்சம் என் குற்றம். சாப்பாடு அப்பத்தாவின் துறை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு, ஒரு நாளைக்கு ஒரு வேளை போட்டாலே போதும். அப்பத்தா காலைப் பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரத்தைப் பிய்த்துப் போட்டாள், மத்தியானம் குருணை போட்டாள், சாயங்காலம் போட்டதற்கு நான் சாட்சி இல்லை. கோல்டு பிஷ்ஷுக்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது என்று விளக்கினேன். "பாவம், அதான் எம்புட்டுப் போட்டாலும் நிக்க மாட்டேங்குது" என்று இன்னொரு பிடி போட்டாள்.

இந்தத் தொல்லை பழையது என்பதில் ஒரு சின்ன ஆறுதல். லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் கோல்டு பிஷ் இரண்டும் நீர்ச்செடியும் வைத்த தொட்டியிலும் இலை அழுகி, பச்சை வழுவழுப்புச் சேர்ந்து, தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டுச் சமாளித்து, 1850இல் அதை ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். எனக்கு நத்தை இனாமாக வந்தது. கண்மாயிலிருந்து ஒரு கைப்பிடி வேலம்பாசி கொண்டு வந்து போட்டேன். பேர்தான் பாசி, உண்மையில் பூக்கிற செடி. பாசி தின்னவேண்டிய நைட்ரேட்டைத் தான் தின்னும். பங்காளியை ஒடுக்கப் பங்காளியாலேதான் முடியும் என்பதை இந்த ஊரில் யாரும் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதன் இலையில் ஒட்டி வந்த நத்தை ஒன்று. இப்போது நாற்பது, நேற்றைய கணக்குப்படி.

கடைசியில் இருட்டடிப்பு. சபரிமலைக்குக் கட்டும் கறுப்பு வேட்டி இரண்டை எடுத்துத் தொட்டியை மூன்று நாள் முழுக்கச் சுற்றிவைத்தேன். விளக்கும் இல்லை, இரையும் இல்லை. காற்று மோட்டார் மட்டும் ஓடியது. இருட்டில் பாசியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும் என்பதால் அதை நிறுத்தக் கூடாது. பால் ஊற்ற வந்தவர், "தொட்டி மாலை போட்டிருக்கா?" என்று விசாரித்தார். மூன்றாம் நாள் அவிழ்த்தபோது தண்ணீர் கஞ்சித்தெளிவாக வெளுத்திருந்தது. செத்த பாசி அழுகினால் மறுபடி அமோனியா என்று பாதித் தண்ணீரை மாற்றினேன். மீன்கள் பன்னிரண்டும் இருந்தன, மெலிந்து, கோபமாக.

தொட்டியை இரண்டாங்கட்டு நடையோரம் வெயில் எட்டாத இடத்துக்கு நகர்த்திவிட்டேன். விளக்கு ஆறு மணி நேரம். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர், முந்தின இரவே பிடித்து வைத்தது. பில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுகிறேன். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசினால் நல்ல பாக்டீரியாவும் போய்விடும். மீன் இரை டப்பாவை ஐயா காலத்து இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அந்தப் பெட்டியில் இன்றைக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான். சாவி, வழக்கம்போல, அப்பத்தாவின் இடுப்பில்.