கன்னு நட வந்த தம்பிக்கு

வாங்க தம்பி. நீலகிரியில அவலாஞ்சிக்கு மேல புல்மேட்டைப் பாத்துட்டு, "இத்தாப்பெரிய மலை மொட்டையாக் கெடக்குதே"ன்னு மனசு பதறி, லாரி நெறையக் கன்னு கொண்டாந்திருக்கீங்க. நல்ல மனசுங்க. பல ஆயிரம் வருசமா மலை உங்களுக்குத்தான் காத்துக் கெடந்துச்சு.

நடறதுக்கு முந்தி ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. சனவரியில ஒரு ராத்திரி அந்தப் புல்மேட்டுப் பள்ளத்துல படுத்துப் பாருங்க. கம்பளி உங்க செலவு. 2,000 மீட்டருக்கு மேல, மேகமில்லாத ராத்திரியில தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் குடுத்துரும். குளுந்த காத்து கனம். சரிவுல வழிஞ்சு வந்து பள்ளத்துல தேங்கிக்கும். விடியக்காலம் உப்புத் தூவுனாப்ல உறைபனி. வெயில் ஏறுனா புல்லுக்கு ஒண்ணும் ஆகாது, அதோட உசுரு தூருல இருக்குது. சோலைமரக் கன்னுக்கு உசுரு நுனியில. கருகி நிக்கும்.

அதே கன்னு கொஞ்சம் தள்ளி, மலை மடிப்புல இருக்கற சோலைக்காட்டுக்குள்ள ஜம்முன்னு வளருது. மேல கெளைங்க மூடியிருக்கறதால சூடு ஓடிப்போகாது. அங்க ஈரமும் தங்கும். வெளிய மேட்டுல காத்தும் தீயும். அந்த மேட்டுல காட்டுப் பூவரசு மட்டும் தடிச்ச பட்டையோட, செவப்பாப் பூத்துக்கிட்டு, ஒத்தையா நிக்கும். அதை நட்டது யாருன்னு எந்தக் கல்வெட்டும் இல்லீங்க.

மழையும் ஆளு பாத்துத்தான் பெய்யுது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. கூடலூர்ப் பக்கமும் மழை உண்டு, அதனால ஈட்டியும் தேக்கும் வாட்டசாட்டமா நிக்குது. ரோட்டுல 25 கிலோமீட்டர் சொச்சம் கெழக்க போனா மசினகுடி. தென்மேற்கு மேகம் அங்க வெறுங்கையோட வருது, அதனால முள்ளுக்காடு. அங்கயும் கன்னு வெக்கறதா உத்தேசமா?

உங்களுக்கு முன்னாலயும் நல்ல மனசுக்காரங்க வந்தாங்க. வெள்ளைக்காரங்க ஆஸ்திரேலியாவுல இருந்து சீகையும் கற்பூர மரமும் கொண்டாந்தாங்க, வெறகுக்கு. அப்பறம் நம்ம ஆளுங்க, பட்டைக்கும் மரக்கூழுக்கும்னு மேடு மேடா நட்டாங்க. சீகைக்கு உறைபனி பொருட்டே இல்லை. விதை மண்ணுக்குள்ள பல வருசம் படுத்துக் கெடக்கும். தீ பட்டா எந்திரிச்சுக்கும். வேடிக்கை என்னன்னா, அந்தச் சீகை நெழல்லயே சில எடத்துல சோலைக் கன்னு எட்டிப் பாக்குது, பனியை மறைக்க ஆள் கெடைச்சிருச்சுன்னு. சோலைக்கு லாபந்தான். புல்லை மேயற வரையாடு எங்க போகும்னு மட்டும் யாரும் கேக்கலை. இப்ப அரசாங்கமே சீகையை வெட்டி எடுக்கச் செலவு பண்ணுது. நட்ட கூலி ஒரு தரம், வெட்டுன கூலி ஒரு தரம். ஊருக்குள்ள பொழப்பு நடக்குது, நான் குறை சொல்லலை.

கன்னு லாரியிலயே இருக்கட்டும். போட்டோதானே வேணும்? அந்தச் சோலை ஓரமா நின்னு மண்வெட்டியோட எடுத்துக்கங்க. ஏற்கெனவே மரம் இருக்குது, உங்க மேலாளர் யாரு நட்டதுன்னா கேக்கப் போறாரு?