சுந்தரம்: காலும் கணக்கும்

கேள்வி: கோல் அடிப்பதில் ஜொலித்த சிங்கப்பூர்க் காற்பந்து வீரர் வி. சுந்தரமூர்த்தி, பயிற்றுவிப்பாளராகத் தோற்றுவிட்டார்தானே? (வாசகர், லிட்டில் இந்தியா)

பதில்: தேசிய அணியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2016இல் ஜெர்மானியர் பெர்ன்ட் ஸ்டாங்கேக்குப் பிறகு பொறுப்பேற்றார்; அந்த ஆண்டே தென்கிழக்காசிய அணிகள் மோதும் சுசுகி கிண்ணத்தில் சிங்கப்பூர் முதல் சுற்றோடு வெளியேறியது; 2018இல் பொறுப்பு முடிந்தது. ஆனால் 2013ஐ எங்கே வைப்பது? பெரும்பாலும் இளையர்களைக் கொண்ட சிங்கப்பூரின் லயன்ஸ் டுவெல்வ் அணியை மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளராக்கியவர் அவர்தான். 'தற்காத்தே ஆடவைத்தார்' என்பார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவரை சென்று ஆடிய கலைஞருக்கா தாக்குதல் தெரியாது? தம் கால்களை வீரர்களுக்கு இரவல் தர முடியாதே! கைவசம் இருந்தவர்களின் பலத்துக்கேற்ப ஆட்டத்தை வகுத்தார். தேசிய அணியில் அது பலிக்கவில்லை, உண்மை. அதற்காக லீக் பட்டம் வென்றவரைத் தோற்றவர் பட்டியலில் சேர்ப்பது அநியாயம்.