நடைக்கேற்ற வடை

மயிலாப்பூர் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் விடிகாலையில் நடப்பவர்கள் இரண்டு ரகம். உடம்பு இளைக்க நடப்பவர்கள், பசி எடுக்க நடப்பவர்கள். முதல் ரகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நடப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். நம்மவர் இரண்டாவது ரகம்.

பணி ஓய்வு பெற்றவர். அமெரிக்கப் பிள்ளை வாங்கித் தந்த ஷூ, அரைக்கால் சட்டை, மார்கழியானால் குரங்குக் குல்லா. கையில் காலடிகளை எண்ணும் கடிகாரம். கையை வீசினாலே அது எண்ணிவிடுகிறது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து, பெஞ்சில் உட்கார்ந்தபடியே தினம் இரண்டாயிரம் அடி நடக்கிறார்.

"என்ன அமைதி ஓய்! மரம், குருவி, காத்து... வேறென்ன வேணும்?" என்பார். சொல்லிவிட்டு, குருவி பறந்து போகிற குரலில் மத்திய பட்ஜெட்டை அலச ஆரம்பிப்பார். பூங்காவுக்குப் பெயர் தந்த காசிநாதுனி நாகேஸ்வர ராவ், 1893-ல் அமிர்தாஞ்சனம் தொடங்கியவர். தலைவலித் தைலக்காரர் பெயரை இந்த இடத்துக்கு வைத்தவர்கள் தீர்க்கதரிசிகள்.

வெளியே வந்ததும் அருகம்புல் ஜூஸ். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் இறக்குவார். "இது மருந்து, கணக்குல வராது." வராதுதான். ஆனால் அதைக் குடித்த புண்ணியத்தை அடுத்த கடையில் செலவழித்தாக வேண்டுமே!

கால்கள் தாமாகவே கபாலி கோயில் பக்கம் திரும்பும். பொன்னம்பல வாத்தியார் தெருவில் பெயர்ப் பலகைகூட இல்லாத கடை ஒன்று உண்டு. ஜன்னல் வழியே பலகாரம் கொடுப்பதால் ஊருக்கே அது ஜன்னல் கடை. காலையில் இட்லி, பொங்கல், வடை. சாயங்காலம் பஜ்ஜி, போண்டா. நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும். "நின்னுண்டு சாப்பிட்டா உடம்புல ஒட்டாது" என்பது நம்மவர் சித்தாந்தம்.

அவர் வடை சாப்பிடும் முறையைப் பார்க்க வேண்டும். மடித்து வைத்திருந்த செய்தித்தாள் துண்டை எடுத்து, வடையை நடுவில் வைத்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்துவார். காகிதத்தில் எண்ணெய் வட்டமாகப் படரும். அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார்.

"பார்த்தீரா? எண்ணெய் பூரா பேப்பருக்குப் போயிடுத்து. இனிமே இது வெறும் உளுந்து. புரோட்டீன்!"

அந்தக் காகிதம் பெரும்பாலும் உடல்நலப் பக்கமாகவே இருக்கும். ஒரு கிலோமீட்டர் நடந்தால் கரைவது சுமார் ஐம்பது, அறுபது கலோரி. ஒரு மெதுவடை அதைப் போல இரண்டு மடங்காவது திருப்பித் தரும் என்று யாராவது சொன்னால், "அதுக்குத்தான் வேகமா நடந்தேன்" என்பார்.

"டாக்டர் வடையே கூடாதுன்னாரே சார்?"

"வடை கூடாதுன்னார். சாம்பார் வடையைப் பத்தி வாயே திறக்கலையே!"

காசு மட்டும் ரொக்கம்தான். ஜிபேயில் கொடுத்தால் வீட்டில் மாமியின் போனில் மணி அடிக்கும். வீட்டுக்குப் போனதும் இட்லித் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, "எனக்கு ரெண்டு போதும், டயட்ல இருக்கேன்" என்பார். அவர் மன உறுதியை மாமி அக்கம்பக்கத்தில் புகழ்ந்துகொண்டிருக்கிறாள்.

ஆகவே, மாட வீதியில் அவரை மாமியோடு பார்த்தால், "நடந்தாச்சா?" என்று மட்டும் கேளுங்கள். "சாப்பிட்டாச்சா?" என்று தப்பித்தவறியும் கேட்டுவிடாதீர்கள்.